சினார் உதிரும் பதினைந்து நாட்கள்

அக்டோபர் கடைசி வாரம். காலை பத்து மணியாகியும் ஸ்ரீநகரில் குளிர் விடவில்லை. நசீம் பாகின் சினார் மரங்களுக்குக் கீழே 22 குழந்தைகள், தொளதொள ஃபெரன் அங்கிகளுக்குள் கைகளை இழுத்துக்கொண்டு நிற்கிறார்கள். மொகலாயர் காலத்துத் தோப்பு இது. இன்று காஷ்மீர் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கிறது. மழலையர் வகுப்பு ஆசிரியை கையைத் தட்டியதுதான் தாமதம், அங்கிகளிலிருந்து கைகள் வெளியே வருகின்றன. உதிர்ந்த இலைகளைப் பொறுக்கும் வேலை ஆரம்பம்.

மஞ்சள் ஒரு குவியல், சிவப்பு ஒரு குவியல், பழுப்பு ஒரு குவியல். நிறங்களும் எண்களும் இப்படித்தான் பாடமாகின்றன. ஐந்து விரல் விரித்தாற்போன்ற இலை மீது உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறாள் ஒரு சிறுமி. இலைதான் பெரியது. ஆசிரியை கொண்டு வந்திருப்பது ஒரு காலி காங்கிரி: பிரம்புக் கூடைக்குள் மண் சட்டி. சினார் இலைகளை எரித்த கரி இதில் கனன்றுதான் குளிர்காலத்தில் பல வீடுகளில் உடம்பைச் சூடாக வைக்கிறது. காலடியில் கிடக்கும் இலைக்கும் பாட்டியின் காங்கிரிக்கும் உள்ள உறவு குழந்தைகளுக்கு அங்கேயே புரிந்துவிடுகிறது.

காஷ்மீரியில் இந்தப் பருவத்துக்கு ஹருத் என்று பெயர். வீடுகளில் கத்தரிக்காயும் சுரைக்காயும் குளிர்காலத்துக்காக வற்றலாகக் காயும். சினாரின் முழு நிறம் இரண்டு வாரம் நின்றால் அதிகம். அப்புறம் குளிர்கால விடுமுறை.

பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கும் ஆசிரியை, "நாளைக்குப் போகலாம்" என்று மட்டும் சொல்வதில்லை. காரணம் இருக்கிறது. 2016 ஜூலையில் மூடிய பள்ளிகள் அந்த இலையுதிர் காலத்திலும் மூடியே கிடந்தன. 2019 ஆகஸ்டுக்குப் பிறகு வகுப்பறைகள் வெறிச்சோடின. 2020-ல் கொரோனா. அந்த வருடங்களின் குழந்தைகள் ஹருத் உலாவே போகாமல் மேல் வகுப்புக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் பாம்போர். ஸ்ரீநகருக்குத் தெற்கே, குங்குமப்பூ விளையும் மேட்டு நிலம். பூ விடிகாலையில் விரியும். வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். அதனால் வண்டியும் சீக்கிரமே கிளம்பிவிடுகிறது. 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பயிர் இது. ஆனால் 1990களில் 5,700 ஹெக்டேரை ஒட்டியிருந்த சாகுபடிப் பரப்பு, 2010 வாக்கில் 4,000க்கும் கீழே போய்விட்டது. மழை பொய்க்கிறது, வயலை ஒட்டி வீடுகள் முளைக்கின்றன. அந்த ஆண்டு மத்திய அரசு தேசிய குங்குமப்பூ இயக்கத்தைத் தொடங்கியது. விவசாயிகளின் கண் இன்னமும் வானத்தைப் பார்த்தபடிதான்.

வரப்பில் உட்கார்ந்து பூ ஆயும் மூதாட்டி ஒருவர் குழந்தைக்கு ஒன்றாக ஊதாப் பூக்களைத் தருகிறார். உள்ளே எத்தனை சிவப்பு இழை என்று ஆசிரியை கேட்க, "மூன்று!" என்று வயலே அதிரக் கூச்சல். ஒரு கிராம் குங்குமப்பூவுக்குச் சுமார் 150 பூ வேண்டும் என்கிறார் மூதாட்டி. 22 பேரின் பூக்களும் சேர்ந்தும் கூடையின் அடி மறையவில்லை.

ஒரு சிறுவன் தன் பூவைக் கூடையிலேயே திரும்பப் போடுகிறான். "பாட்டிக்குக் குறையுமே" என்கிறான். மூதாட்டி அதை எடுத்து அவன் அங்கிப் பையிலேயே வைத்து அனுப்புகிறார்.