டாக்சியில் ஏறும் ஓவியம்

ஹெர்பர்ட் வோகல் நியூயார்க்கில் இரவு ஷிப்டில் கடிதம் பிரித்துப்போட்ட தபால் ஊழியர். அவர் மனைவி டோரதி புரூக்ளின் பொது நூலகத்தில் நூலகர். 1962இல் திருமணமான பிறகு, டோரதியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. ஹெர்பர்ட்டின் சம்பளத்தில் ஓவியமும் சிற்பமும் வாங்கினார்கள். விலை கைக்கு எட்ட வேண்டும், சுரங்க ரயிலிலோ டாக்சியிலோ தூக்கிவர முடிய வேண்டும், ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டுக்குள் அடங்க வேண்டும். அவர்களுடைய விதி இவ்வளவுதான். கலையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இதில் இல்லை. ஓவியர் கைப்பட வரைந்த ஒன்றை முதன்முதலாக வாங்க ஆசைப்பட்டு, கேலரியின் விலைப்பட்டியலைப் பார்த்ததும் படியிறங்கிவிடுகிறவர்களுக்கு, தடித்தடியான கலை வரலாறுகளை விட்டுவிட்டு இந்த டாக்சி விதியைத்தான் சிபாரிசு செய்வேன்.

டாக்சியில் ஏறாதது ஆறடிக் கான்வாஸ். அதைக் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் காகிதம்: பென்சில் வேலை, மைக் கோடுகள், நீர்வண்ணம், பெரிய படைப்புக்கு முன் ஓவியர் போட்டுப் பார்த்த ஒத்திகைத் தாள்கள். வோகல் தம்பதி சேர்த்ததில் பெரும்பகுதி இத்தகையதுதான். சால் லெவிட், ரிச்சர்ட் டட்டில் போன்றவர்கள் பெயரெடுக்கும் முன்பே அவர்களைத் தேடிப்போய், தவணையிலும் பணம் கட்டி வாங்கினார்கள். கலைஞர்களான கிறிஸ்டோ தம்பதி வெளியூர் போனபோது அவர்களுடைய பூனையைப் பார்த்துக்கொண்டதற்குக் கூலியாக ஒரு கொலாஜ் கிடைத்தது. பூனை வளர்க்கும் ஓவியர்கள் நம் ஊரிலும் இருப்பார்கள், விசாரிக்கலாம். 1992இல் இந்தச் சேகரிப்பை வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்துக்குத் தர ஏற்பாடானது. பொருட்களோ நாலாயிரத்துக்கு மேல். அத்தனையையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக்கொள்வது அந்தக் கலைக்கூடத்துக்கே முடியாத காரியமாகி, 2008இல் அறிவித்த திட்டத்தின்படி மாநிலத்துக்கு ஐம்பது வீதம் ஐம்பது மாநிலங்களுக்கும் 2,500 படைப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

காசு இல்லாததால் காகிதத்துக்கு இறங்கிவருகிறோம் என்று கூச்சப்பட வேண்டியதில்லை. ஓவியத்தின் விலை பெரும்பாலும் அளவையும் ஊடகத்தையும் பார்த்து வைக்கப்படுகிறது. வீட்டுமனை மாதிரி சதுர அங்குலக் கணக்குகூட உண்டு. எந்தக் கோட்டை ஓவியர் ஒரே இழுப்பில் போட்டார், எங்கே தயங்கிக் கையை எடுத்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. எண்ணெய் வண்ணத்தில் பிசகை மூடி மேலே தீட்டிவிடலாம். மையில் அது நடக்காது. தாளில் இருப்பது இருப்பதுதான். ஓவியர் ஆதிமூலத்தைத் தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் அறிந்தது அவருடைய கான்வாஸ்கள் வழியாக அல்ல. காந்தி கோட்டோவியங்களும், கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்த படங்களும், பத்திரிகை அட்டைகளும்தான் அவரை நம் வீடுகளுக்குக் கொண்டுவந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்து, இவை ஏதோ பெரிய ஓவியத்துக்கான முன்வேலை என்று யாரும் நினைத்ததில்லை.

அச்சோவியத்தையும் இதே வரிசையில் வைப்பேன். பல பிரதிகள் இருந்தால் அது எப்படி அசல் என்பார்கள். உலோகத் தகட்டிலோ மரப்பலகையிலோ ஓவியரே கீறி, மை தடவி அழுத்தி எடுத்த தாள்களுக்கு வெளியே வேறோர் அசல் கிடையாது. ஓரத்தில் பென்சிலால் 7/25 என்று இருந்தால், இருபத்தைந்தில் ஏழாவது என்று பொருள். கான்வாஸ் ஓவியத்தைப் படம்பிடித்து கணினியில் அச்சடித்து, மூலையில் ஒரு கையெழுத்தும் போட்டு விற்கிறார்களே, அது வேறு சமாசாரம். அது போட்டோ. விலை மட்டும் சில நேரம் அச்சோவியத்தைத் தாண்டிப் போகும்.

அறுபதுகளின் நியூயார்க்கில் நடந்தது இன்று நடக்குமா என்பது நியாயமான கேள்வி. லெவிட்டின் தாள் இன்று தபால் ஊழியர் சம்பளத்துக்கு எட்டாது. ஆனால் வோகல் தம்பதி வாங்கியது புகழ்பெற்ற லெவிட்டை அல்ல, அன்று யாரும் வாங்காத லெவிட்டை. வாங்க ஆளில்லாத ஓவியர்களுக்கு எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியபோது, பத்திக் துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றுத்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். ஓவியத்தை நம்பிச் சோறு இல்லை. எழும்பூர் கவின் கலைக் கல்லூரியிலிருந்தும் கும்பகோணம் கல்லூரியிலிருந்தும் இன்று வெளியே வருகிற பிள்ளைகளில் பலருக்கும் நிலைமை அதுவேதான். அவர்களுடைய கண்காட்சிக்குப் போய், சுவரில் மாட்டியதைப் பார்த்தபின் மடித்துவைத்த போர்ட்ஃபோலியோவையும் திறந்துகாட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். வோகல் தம்பதி அதைத்தான் செய்தார்கள்.

விலை ஏறுமா என்று கேட்பவர்களுக்கு நகைக்கடை இருக்கிறது. வோகல் தம்பதி சேகரித்ததை விற்றுப் பிழைக்கவில்லை. கலைக்கூடம் அவர்களுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை தர ஏற்பாடு செய்தது; அந்தப் பணத்திலும் இன்னும் கொஞ்சம் ஓவியம் வாங்கினார்கள். இதைக் கேட்டு முதலீட்டு ஆலோசகர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

எனக்கு நிஜமாகவே பலமாகப் படும் ஆட்சேபம் ஒன்றுதான்: கடற்கரை ஊரின் ஈரக்காற்றிலும் பூச்சியிலும் காகிதம் எத்தனை நாள் தாங்கும்? கவனிக்காவிட்டால் தாங்காது. அமிலமில்லாத அட்டையில் மவுண்ட் செய்து, தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு, வெயில் விழாத, மழைக்கு ஊறாத உட்சுவரில் மாட்டினால் வாங்கியவரைவிட அதிக நாள் இருக்கும். இதற்கெல்லாம் ஆகும் செலவு படத்தின் விலையைத் தாண்டினாலும் தாண்டலாம். பிரேம் கடைக்காரர் காட்டும் தங்கநிற வேலைப்பாட்டை வேண்டாமென்று சொல்லி, அதில் மிச்சமாகும் பணத்தை நல்ல அட்டைக்குக் கொடுங்கள்.