போயிட்டு வர்றேன், அப்பத்தா

கொச்சியில் கிளம்பி மூணாறு மலையேறி, தேனி, மதுரை, சிவகங்கை என்று வரும் தேசிய நெடுஞ்சாலை 85 எங்கள் தொண்டியில் கடலைப் பார்த்ததும் நின்றுவிடுகிறது. ரோடு முடிகிற ஊர். படிப்பு, வைத்தியம், கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எதுவானாலும் ரோடு ஏறித்தான் போகவேண்டும். அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை தொண்டியிலேயே இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஆனால் அது கடலைப் படிக்கிற இடம். கணக்கு படிக்க நினைத்த என் மகள் காலை ஏழரைக்கு பஸ் ஏறினாள், சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்கினாள்.

அந்தப் பத்தரை மணி நேரமும் அவள் வீட்டில் இல்லை. இதை ஒரு பெரிய விஷயமாக நான் நினைத்ததே கிடையாது, 2020 மார்ச்சில் கல்லூரிகளை மூடும்வரை.

நானும் கல்லூரி வாசலை மிதிக்காமல் படித்தவன்தான். பி.ஏ. கரஸ்ஸில். அஞ்சல்வழிப் படிப்பை இந்தியாவில் 1962இல் டெல்லிப் பல்கலைக்கழகம் தொடங்கியது. நம் பக்கம் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1971இல் ஆரம்பித்தது. நான் சேர்ந்தது 1994இல், பஜாரில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டே. தபால்காரர் பாடக்கட்டைக் கொண்டுவந்து போடுவார். சணல் கயிறு போட்டுக் கட்டிய காக்கிக் காகிதப் பொட்டலம். அதைப் பத்திரமாகப் பரணில் ஏற்றிவைப்பேன். பரணில் இருக்கும்வரை படித்துக்கொண்டிருப்பதாகவே ஒரு நிம்மதி. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது இறக்கிப் பிரித்தேன். முதல் வருஷம் மூன்று பேப்பர் போச்சு. யாரையும் குறைசொல்ல வழியில்லை. பாடம் வந்தது, நான்தான் வரவில்லை.

அதனால் மகளின் இரண்டாம் ஆண்டு வகுப்புகள் கைபேசியில் தொடங்கியபோது நான் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தேன். எங்களுக்கு வெறும் காகிதம், இவர்களுக்கு வாத்தியாரே வீட்டுக்குள் வருகிறாரே என்று. முதல் இடைஞ்சல் நானே: வீட்டில் நல்ல கைபேசி ஒன்று, அது என் சட்டைப் பையில் கடைக்குப் போய்விடும். பழைய கைபேசி ஒன்று வாங்கி அந்த இடைஞ்சலைத் தீர்த்தோம். அடுத்தது டேட்டா. 2021 ஜனவரியில் தமிழ்நாடு அரசு 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு, ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி என்று இலவச டேட்டா கார்டு அறிவித்தது. நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்பே மகளுக்கு ஒரு பேப்பரில் தேறாத மதிப்பெண் வந்திருந்தது. காரணம் டேட்டா அல்ல.

காரணம் தண்ணி.

ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற நேரம் தெருவே எழுந்து ஓடும். தள்ளுவண்டியில் ஆறு குடம், எட்டுக் குடம். வகுப்பில் கால்குலஸ் ஓடிக்கொண்டிருக்கும், வாசலில் "தண்ணி வந்திருச்சு"ன்னு குரல் கேட்கும். கைபேசியை அடுப்படி மேடையில் சாய்த்து வைத்துவிட்டுப் பிள்ளை குடத்தைத் தூக்கும். திரும்பி வரும்போது பலகை அழிக்கப்பட்டிருக்கும். மீன்காரம்மாவிடம் சில்லறை கொடுக்க, கேஸ் சிலிண்டருக்குக் கையெழுத்துப் போட, அடுப்பில் பாலைப் பார்க்க, எல்லாவற்றுக்கும் அவள்தான். வீட்டில் சும்மாதானே இருக்கிறாள்! எங்கம்மா, அதாவது அவளுடைய அப்பத்தா, வெளிப்படையாகவே சொல்லும்: "எங்கயும் போகல, வரல. போன வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இதுக்குப் பேரு காலேசா?"

அம்மா கேட்டது சரியான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. போவதும் வருவதும்தானே காலேஜ். பஸ் டிக்கெட் என்பது முப்பது ரூபாய்க் காகிதம் மட்டுமா? இன்னும் பத்து மணி நேரத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்று வீட்டுக்கும் ஊருக்கும் காட்டுகிற சீட்டு. ஆம்பளைப் பிள்ளை வீட்டில் இருந்தாலும் அந்தச் சீட்டு அவன் பையில் எப்போதும் இருக்கும். பொம்பளைப் பிள்ளைக்கு பஸ் ஏறினால்தான் கிடைக்கும்.

அந்தத் தேறாத பேப்பருக்கு அழுது முடித்த மறுநாள் காலை மகள் ஒரு வேலை செய்தாள். எட்டரைக்குக் குளித்து, தலை பின்னி, சுடிதார் உடுத்தி, துப்பட்டாவுக்குப் பின் குத்தி, பையில் நோட்டும் சாப்பாட்டு டப்பாவும் எடுத்து வைத்தாள். வாசல் திண்ணையில் இருந்த அப்பத்தாவிடம், "போயிட்டு வர்றேன் அப்பத்தா" என்றாள். படியேறி மாடியில் தட்டுமுட்டுச் சாமான் கிடக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பத்தாவுக்கு முதலில் சிரிப்பு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரி "எங்க பேத்தி?" என்று கேட்டபோது எங்கம்மா சொன்னது என் காதில் விழுந்தது: "அது காலேசுக்குப் போயிருக்கு. சாயங்காலம் வரும்." சொன்ன இடத்துக்கும் மாடிக்கும் பன்னிரண்டு படி.

மற்றதெல்லாம் அதன்பின் தானாக வந்தது. வகுப்புக்கு ஒரு தடவையாவது மைக்கைத் திறந்து ஒரு சந்தேகம் கேட்பது என்று வைத்துக்கொண்டாள். கேட்கவேண்டும் என்றால் கவனிக்கத்தானே வேண்டும். பதிவு பிறகு வரும், பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது என்னுடைய பரண் பழக்கம், அதை விட்டாள். சாயங்காலம் மூன்று தோழிகள் போனில் ஒருவருக்கொருவர் அன்றைய கணக்கைச் சொல்லிக்கொடுப்பார்கள். பஸ்ஸில் பேசிக்கொண்டு வந்ததற்குப் பதில் அது. மாடி அறை இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஒற்றை அறை வீட்டுப் பிள்ளைகள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள்.

அந்தக் காலம் முடிந்தது, மகள் பட்டம் வாங்கிவிட்டாள். போன வருஷம் கடற்கரைத் தெருப் பையன் ஒருவன் அவளிடம் யோசனை கேட்டு வந்தான். விசைப்படகில் வேலைக்குப் போகிறவன். ஐஐடி மெட்ராஸ் 2020 ஜூனில் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பில் சேர ஆசை. அதற்கு ஜேஇஇ தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. முதலில் நான்கு வாரப் பாடம், அதன்மேல் ஒரு தகுதித் தேர்வு. தேறினால் கணிதம், புள்ளியியல், பைத்தான் என்று அடிப்படைப் பாடங்கள் எட்டு. பருவம் ஒன்று 12 வாரம். வீடியோவை எந்த நேரமும் பார்க்கலாம், ஆனால் அசைன்மென்ட்டுக்கு வாரா வாரம் கெடு. குவிஸையும் இறுதித் தேர்வையும் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுதவேண்டும். எங்களுக்கு அது மதுரை, அதே 85ஆம் நம்பர் ரோடு. பொழுது விடியுமுன் பஸ் ஏறினால்தான் சரியாக இருக்கும்.

பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்பது பழைய ஏற்பாடு. "கடலுக்குப் போற நாளப் பத்திப் பிரச்சினை இல்ல மாமா. கரையில இருக்கிற நாள்லதான் படிக்க முடியல" என்றான் பையன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான். அந்த 61 நாளில்தான் மிகக் குறைவாகப் படித்தான். எஞ்சின் வேலை, வலை வேலை, அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தகுதித் தேர்வு முதல் தடவை போச்சு.

மகள் அவனுக்கு மாடிப் படிக் கதையைச் சொன்னாள். அவன் வீட்டில் மாடி இல்லை. வலை பின்னுகிற கொட்டகைக்குப் போனான். பெரியவர்கள் நாலு பேர் வலையை விரித்துப்போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, ஒரு தூணில் சாய்ந்து காதில் ஹெட்செட்டோடு அவன். "படிக்கிற பய, கூப்பிடாத" என்று ஒரு பெரியவர் மற்றவர்களை அதட்டுவாராம். இரண்டாம் தடவை தேறினான். இப்போது புள்ளியியல் அவனைப் படுத்துகிறது, அது வேறு கதை.

பாடம் வீட்டுக்கே வருகிறது என்று விளம்பரம் செய்கிறவர்களுக்கு வீடு என்றால் என்னவென்று தெரியவில்லை என்பேன்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை ஆன்லைனில் படிக்கிறதா? நாளைக் காலை வகுப்பு நேரத்தில் தண்ணி வந்தால், குடத்தை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளை ஊரில் இல்லை.