சரிவில் ஒரு வீடு

கோத்தகிரிப் பக்கம் எங்கள் 5 சென்ட் சரிவு மனையில் வீடு கட்ட வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறேன். பார்க்க வந்த எல்லோரும் சொன்னது, "ஜேசிபி விட்டு மட்டம் பண்ணிடுங்க". எனக்கு மனசு ஒப்பவில்லை. 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். அடிவாரத்தை வெட்டிவிட்டால் மேலே இருக்கிற மண்ணுக்குப் பிடிமானம் ஏது?

அதனால் நிலத்தோடு வீட்டையும் இறக்கிவிட்டேன். மேல்தட்டில் இரண்டு படுக்கையறை. நான்கு படி இறங்கினால் கூடமும் அடுப்படியும். பின்னால் தடுப்புச் சுவர், அதற்குப் பின்னே ஜல்லி, சுவரில் வரிசையாகப் பிவிசி குழாய்த் துண்டுகள். மழைத் தண்ணீர் வடிய வழியில்லாவிட்டால் எவ்வளவு தடிமனான சுவரையும் ஈரமண் தள்ளிவிடும். செலவில் இதில் மட்டும் கை வைக்க மாட்டேன்.

அடுப்படி தென்கிழக்கில். மார்கழிச் சூரியன் அந்தப் பக்கம்தான் எழும்பும். குளிரில் அம்மாவுக்கு விரல் மடங்காது.

நேற்றுக் காலை மனையில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தேன். தேயிலைச் செடிகளுக்கு மேலாக வெயில் வந்து மடியில் விழுந்தது. இரண்டு கைகளையும் அதில் விரித்துக்கொண்டு, "ஜன்னல இங்கயே வச்சிருப்பா" என்றார். அங்கேயே சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போட்டோம்.