பத்தாண்டு இடைவெளி

நாத்திகர்கள் நற்செய்திகளை நம்பாதது இயேசுமீது வெறுப்பினால் அல்ல; மற்றப் பழைய நூல்களிடம் கேட்கும் சான்றையே இவற்றிடமும் கேட்பதால். பிறப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். மத்தேயுவின்படி ஏரோது மன்னன் உயிரோடிருந்தபோது இயேசு பிறக்கிறார். அவன் இறந்தது கி.மு. 4 என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கணிப்பு. லூக்காவோ குரேனியு சிரியாவை ஆண்டபோது நடந்த குடிக்கணக்கெடுப்பைச் சொல்கிறார். யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ் தரும் தகவல்படி அது கி.பி. 6.

ஒரே விபத்தைப் பார்த்தவர்களும் வேறுவேறாகச் சொல்வதில்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இவ்விருவரும் அந்தப் பிறப்பை நேரில் கண்டவர்கள் அல்லர். குரேனியு முன்பே ஒருமுறை கணக்கெடுத்திருக்கலாம் என்பதற்கும் ஆதாரமில்லை; ஏரோது காலத்தில் யூதேயா ரோமின் நேரடி ஆட்சியில் இல்லாததால் அங்கே ரோமக் கணக்கெடுப்பு நடந்திருக்க வாய்ப்பும் குறைவு. லூக்காவில் யோசேப்பு நாசரேத்திலிருந்து பெத்லகேம் வரக் காரணமே அந்தக் கணக்கெடுப்புதான். மத்தேயுவிலோ அப்படியொரு பயணமே இல்லை. மெசியா பிறக்கும் ஊராக மீகா தீர்க்கதரிசி குறித்த பெத்லகேமில் பிறப்பை நிறுத்த இருவரும் தனித்தனி வழி தேடியதாகவே எனக்குப் படுகிறது.