கிழியப் போகிற புத்தகங்களுக்காக

திருவொற்றியூர்,
ஞாயிறு இரவு

அன்புத் தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டிவலி குறையவில்லை. ஆனாலும் விடியற்காலையில் காசிமேட்டு ஏலத்துக்குப் போகாமல் இருக்க மாட்டேன் என்கிறாள். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

நூலகத்துக்குப் பத்து டேப்லெட் வாங்கித் தருகிறேன் என்று போனில் சொன்னாய். பாதிப் பேச்சில் உன் ஷிஃப்ட் வந்துவிட்டது. சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். டேப்லெட் வேண்டாம்டா. அந்தப் பணத்துக்குப் படப் புத்தகங்கள் வாங்கித் தா. கிழியப் போகிற, தொலையப் போகிற புத்தகங்கள்.

நூலகம் உனக்குத் தெரிந்ததுதான். வாசலில் பேப்பர் படிக்கிற பெரியவர்கள், உள்ளே மேஜை முழுக்க டி.என்.பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள். துறைமுகத்தில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்து உட்காருகிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சத்தம் ஆகாது, அது நியாயம். மூன்று வயதுக் குழந்தைக்குச் சத்தம் போட்டால்தான் கதை. அதனால் பின்பக்க வராந்தாவில் பாய் விரித்து, குழந்தைகள் நேரத்தை அங்கே மாற்றிவிட்டேன். கன்டெய்னர் லாரி போகும்போது கதையை நிறுத்திவிட்டு, போனதும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிப்போம். எந்த இடத்தில் விட்டேன் என்பதைக் குழந்தைகளே சொல்லிவிடுவார்கள்.

வருகிற அம்மாக்கள் முதலில் கேட்பது, "அ, ஆ எழுத வைப்பீங்களா மிஸ்?" என்றுதான். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. எல்.கே.ஜி.யிலேயே நோட்டு நிரம்பாவிட்டால் பிள்ளை பின்தங்கிவிடும் என்று பயப்படுகிறார்கள். 2022-இலிருந்து அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்து 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. அடுத்து வந்த வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வேலை அது. என் பாயில் உட்காருகிற குழந்தைகளோ அந்த 'நுழை'க்கும் முந்தியவர்கள். பக்கத்தைப் புரட்டினால் கதை நகரும், படத்துக்குக் கீழே இருக்கிற கோடுகள்தான் மிஸ் வாயில் பேச்சாக வருகின்றன என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி. அது பிடிபட்ட குழந்தைக்குப் பள்ளியில் எழுத்து அந்நியமாக இருக்காது. பிடிபடாத குழந்தை 247 எழுத்தையும் எழுதிவிட்டு, இதெல்லாம் எதற்கு என்று தெரியாமல் நிற்கும்.

ஒன்று சொல்கிறேன், கேள். மார்க்கெட் ஓரத்தில் மீன் விற்கிற ஆயா ஒருத்தர் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வருவார். படிக்கத் தெரியாது. எனக்கு எதுக்கு புக்கு என்று தள்ளியே உட்காருவார். ஒருநாள் கடல் படம் போட்ட புத்தகத்தைப் பேத்தி அவர் மடியில் கொண்டுபோய் வைத்தது. அச்சில் இருந்தது 'மீன்' என்ற ஒரே சொல்தான். ஆயா படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். "இது சங்கரா. இது வவ்வாலு, வாயப் பாரு. இது என்னா, நெத்திலிய இம்மாம் பெருசா போட்டுக்கீறான்!" பேத்தி, "ஏன் பெருசா போட்டான்?" என்றது. அதற்கு ஆயா பதில் சொல்ல, அதிலிருந்து இன்னொரு கேள்வி. நெத்திலி ஏன் கூட்டமாகப் போகிறது, வலையின் கண் ஏன் சின்னதாக இருக்க வேண்டும் என்று பேச்சு எங்கெங்கோ போனது. நான் குறுக்கே போகவே இல்லை.

என் வேலை முழுவதும் அந்த மடியில் நடந்ததுதான். செல்போன் இல்லாத வீடு இங்கே இல்லை. பாட்டுப் போட்டுக் கொடுத்துத்தான் சோறு ஊட்டுகிறார்கள். நாள் முழுக்க உழைக்கிற பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் போனில் ஓடுகிற படம் குழந்தை கேள்வி கேட்கும்வரை நிற்பதில்லை, குழந்தை கேட்டதற்குப் பதிலும் சொல்வதில்லை. புத்தகம் நிற்கும், பக்கத்தில் இருக்கிறவர் பேசித்தான் ஆக வேண்டும்.

அந்த ஆயா வீட்டுக்கு அந்தப் புத்தகம் போக வேண்டும். அங்கேதான் முட்டுகிறது. உறுப்பினர் ஆக வேண்டும், காப்புத்தொகை கட்ட வேண்டும். பதிவேட்டில் ஏறின புத்தகம் தொலைந்தால் இருப்புச் சரிபார்ப்பில் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் குழந்தைகள் புத்தகங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி, சாவியை மேஜைக்குள் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம்கூடக் கசங்கவில்லை. அத்தனையும் புதிதாகவே பழசாகிப் போயின. சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் 1931-இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் புழங்குவதற்குத்தான் என்பது. அதே வருஷம் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகத்தை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அதை நினைத்துத்தான் நூலகத்தின் வார விடுமுறையில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அங்கன்வாடிக்குப் போகிறேன்.

அரசாங்கம் எதுவுமே தரவில்லை என்று நினைத்துவிடாதே. நாம் கட்டுகிற சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரியாகப் போகிறது. ரங்கநாதனின் முயற்சியால் 1948-இல் இங்கே வந்த சட்டத்தின்படி வாங்குகிற வரி அது; சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் அந்தச் சட்டம்தான். புத்தகமும் வருகிறது. ஆனால் வருகிறதெல்லாம் பதிவேட்டில் ஏறும். எனக்கு வேண்டியது பதிவேட்டில் ஏறாத புத்தகம். வாசகர் வட்டத்தின் பெயரில் வாங்கி, பையில் போட்டு, கையெழுத்து இல்லாமல் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். தம்பிப் பாப்பா வாயில் வைத்துக் கடிக்கட்டும், திரும்பி வராமலே போகட்டும். அதற்குத்தான் உன் பணம்.

கடற்கரை ஊரில் புத்தகத்துக்கு ஆயுசு குறைவு என்பதையும் நீ தெரிந்துகொள். உப்புக்காற்றில் நடுப்பக்கத்து ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, சுற்றியுள்ள காகிதத்தைப் பழுப்பாக்கி அரித்துவிடும். புதுப் புத்தகம் வந்ததும் பின்னைப் பிடுங்கிவிட்டு ஊசி நூலால் தைத்துவிடுகிறேன். பருத்தி நூல்தான் சரி, நைலான் போட்டால் தாளை அறுத்துவிடும். 2023 மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் உள்ளே வந்தபோது குழந்தைகள் புத்தகம்தான் முதலில் போனது. சின்னக் கைக்கு எட்ட வேண்டும் என்று கீழ்த்தட்டில்தானே வைக்கிறோம்! இப்போதும் அங்கேதான் வைத்திருக்கிறேன். மழை எச்சரிக்கை வந்தால் மட்டும் மேலே ஏற்றிவிடுவேன்.

இன்னொரு ஆசையும் இருக்கிறது. 1992-இல் இங்கிலாந்தில் பர்மிங்காமில், கைக்குழந்தையைப் பரிசோதனைக்குக் கொண்டுவருகிற தாயிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார்கள். புக்ஸ்டார்ட் என்று பெயர். இங்கே புதன்கிழமை தடுப்பூசி போட எத்தனை தாய்மார்கள் வந்து உட்காருகிறார்கள்! ஊசி போட்டு அழுகிற குழந்தை கையில் ஒரு புத்தகம் கொடுக்க முடியாதா? சுகாதார நிலையத்தில் நர்ஸம்மாவிடம் பேசிவிட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறார்.

வாங்கும்போது கவனி: பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய படம், கெட்டி அட்டை. துலிகா, பிரதம் இரண்டும் தமிழில் நன்றாகப் போடுகிறார்கள். அப்பா குழந்தையோடு இருக்கிற படங்கள் உள்ள புத்தகமாகக் கொஞ்சம் சேர்த்து வாங்க வேண்டும். ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. வருஷத்தில் அந்த 61 நாளில்தான் அப்பாக்கள் பகலில் கரையில் இருப்பார்கள், வலை பழுது பார்த்துக்கொண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்கும் அப்போதுதான் லீவு. பையை நேராக வலைக் கொட்டகைக்கே கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். மார்ச் கடைசிக்குள் புத்தகம் கைக்கு வந்தால்தான் தைத்து முடிக்க முடியும்.

பணத்தை என் கணக்கில் போடாதே. வாசகர் வட்டத்துக்கு அனுப்பு, ரசீது வாங்கி வைக்கிறேன். கணக்கு விவரத்தைத் தனியாக அனுப்புகிறேன். அம்மா நெத்திலிக் கருவாடு கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் யாராவது வருகிறார்களா என்று விசாரித்துச் சொல்.

அன்புடன்,
அக்கா