முதல்ல பூட்ஸ்... அப்புறம்தான் சைலன்ஸர்!

நெய்வேலி ஆர்ச் கேட் தாண்டி உள்ளே போனால் வேறு ஏதோ தேசத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல ரோடு. இரண்டு பக்கமும் மரம். அட்ரஸ் கேட்டால் 'எத்தனாவது வட்டம்?' என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். வட்டம் என்று பெயரே தவிர, எல்லாமே சதுரம்! வளைவு நெளிவு இல்லாத இப்படியொரு ஊரில் வளர்கிற பையனுக்கு மேடு பள்ளத்தின் மேல் காதல் வராமல் வேறு எதன் மேல் வரும்?

டவுன்ஷிப்பை விட்டு மந்தாரக்குப்பம் பக்கம் வந்தால் கதையே வேறு. ஒரு பக்கம் பாதாளம், இன்னொரு பக்கம் மலை. ஆண்டவன் படைத்த மலை அல்ல, சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் கம்பெனி பிறந்தது. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையை ஆரம்பித்து வைத்தார். அன்றைக்கு ஆரம்பித்த மண் வெட்டுதல் இன்னும் ஓயவில்லை. ஒரு டன் கரி எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ளியாக வேண்டும். அந்த மண்தான் செக்கச்செவேல் என்று மலையாக நிற்கிறது.

என் அக்கா பையன் அந்த மலையைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே... திருப்பதி மலையைக்கூட அவன் அத்தனை பக்தியோடு பார்த்ததில்லை.

பையன் ஒரு காண்ட்ராக்டரிடம் கணக்கு எழுதுகிறான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, செகண்ட் ஹாண்டில் ஒரு ஹீரோ எக்ஸ்பல்ஸ் வாங்கியிருக்கிறான். டிவியில் மோட்டோகிராஸ் பார்த்ததிலிருந்து தூக்கம் கிடையாது. லீவுக்குப் போன என்னிடம் ஒரு லிஸ்ட்டை நீட்டினான்.

"மாமா, போனஸ் வந்திருக்கு. எதை முதல்ல வாங்கலாம், பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தேன். ஒன்று, சத்தம் போடும் சைலன்ஸர். இரண்டு, எல்.இ.டி. லைட். மூன்று, ஸ்டிக்கர். நான்கு, கலர் கைப்பிடி. பதினோராவது ஐட்டமாக, அடைப்புக்குறிக்குள், 'முடிந்தால் க்ளவுஸ்'.

"ஹெல்மெட்?"

"அதான் வண்டியோட குடுத்தாங்களே மாமா!"

உடனே அவனைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினேன்.

முதல் ஸ்டாப், ஷிப்ட் மாறுகிற நேரத்தில் சுரங்க ரோடு. பஸ்ஸிலும் பைக்கிலும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "ஒவ்வொருத்தர் காலையும் பாருடா" என்றேன். பூட்ஸ். கையில் அல்லது தலையில் ஹெல்மெட். உள்ளே ஓடுகிற சக்கர வாளி இயந்திரத்தில் ஒவ்வொரு வாளியும் 1400 லிட்டர் கொள்ளும். அவ்வளவு பெரிய ராட்சஸனை ஓட்டுகிறவர்கூட முதலில் தன் காலையும் தலையையும் பத்திரப்படுத்திக்கொண்டுதான் அதன் கிட்டேயே போகிறார். முதலில் ஆள், அப்புறம் மெஷின். நெய்வேலியில் அறுபது எழுபது வருஷமாக இதுதான் நடைமுறை.

"அது வேலை மாமா. இது விளையாட்டு."

விளையாட்டு எப்படிப்பட்டது என்று சொன்னேன். மோட்டோகிராஸ் 1924-ல் இங்கிலாந்தில் கேம்பர்லி என்ற ஊரில் பிறந்தது. கரடுமுரடான நிலத்தில் யார் முதலில் வருவது என்று ஒரு பந்தயம். இன்றைக்கு இதற்கென்றே தயாரிக்கும் வண்டி, சக்கரம் சுமார் 300 மில்லிமீட்டர் மேலும் கீழும் அசைகிற மாதிரி ஸஸ்பென்ஷன் வைத்து வருகிறது. கிட்டத்தட்ட ஓர் அடி! ஹெட்லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை. ரோட்டில் ஓட்டவே முடியாது, வேனில் ஏற்றித்தான் போக வேண்டும். நம் பையனின் எக்ஸ்பல்ஸில் முன்னால் 190, பின்னால் 170 மில்லிமீட்டர். எடை 150 கிலோவுக்கு மேல், பந்தய வண்டியைவிட சுமார் 50 கிலோ கூடுதல். மண் ரோட்டில் ஜம்மென்று போகும். பத்தடி உயரம் பறக்கவிட்டால், இறங்கும்போது வண்டி ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம்.

இந்தியாவிலிருந்து டக்கார் ராலியை முதன்முதலாக முடித்தவர் பெங்களூர் சி.எஸ்.சந்தோஷ். 2015-ல் 36-வது இடம். அவரும் மோட்டோகிராஸில் ஆரம்பித்தவர்தான். அதே சந்தோஷ் 2021 டக்காரில் சவூதி அரேபியாவில் விழுந்து, தலையில் அடிபட்டு, மருத்துவர்கள் அவரை மருந்து கொடுத்து மயக்க நிலையிலேயே வைத்திருக்க வேண்டியதாயிற்று. பிழைத்து எழுந்தார். உலகத் தரமான ஹெல்மெட், கவசம், வருஷக் கணக்கில் பயிற்சி எல்லாம் இருந்த மனிதருக்கே அப்படி என்றால், 'முடிந்தால் க்ளவுஸ்' கோஷ்டியின் கதி என்ன?

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, "சரி மாமா, லிஸ்ட்டைத் திருப்பிப் போடுங்க" என்றான்.

ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து திருப்பிப் போட்டோம்.

முதலில் ஹெல்மெட். 1935-ல் 'அரேபியாவின் லாரன்ஸ்' பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களில் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். அந்தச் சாவு அவரை உலுக்க, ராணுவ மோட்டார் சைக்கிள்காரர்களின் தலைக்காயங்களை ஆராய்ந்து 1941-ல் கட்டுரை எழுதினார். பிரிட்டிஷ் ராணுவத்தில் ஹெல்மெட் கட்டாயமானதற்கு அது ஒரு முக்கியக் காரணம். நம் ஊரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பைக் ஹெல்மெட்டை விற்பது 2021 ஜூன் முதல் குற்றம்.

மண்ணில் ஓட்ட, நெற்றியில் கூரையும் நீண்ட தாடையும் உள்ள ஹெல்மெட் வேண்டும். அதோடு ரப்பர் பட்டை வைத்த காகிள்ஸ். போட்டுக்கொண்டு ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் கன்னத்துச் சதை கூடவே வர வேண்டும். ஹெல்மெட் மட்டும் தனியாகச் சுற்றினால் அது தொப்பி! உள்ளே இருக்கும் தெர்மோகோல் மாதிரியான நுரைதான் உயிர் காக்கிற சமாசாரம். தலைக்கு வரும் அடியை அது நசுங்கித் தாங்குகிறது. ஒருமுறை நசுங்கியது திரும்ப எழாது. அதனால் பலமாக ஒரு அடி வாங்கிய ஹெல்மெட், வெளியே பளபளவென்று இருந்தாலும், அதோடு ரிடையர்டு. செகண்ட் ஹாண்டில் பைக் வாங்கலாம், ஹெல்மெட் கூடவே கூடாது.

இரண்டாவது, பூட்ஸ். புதிதாக மண்ணில் ஓட்டுகிறவன் வேகமாகப் போய் விழுவதைவிட நின்ற இடத்தில் சாய்ந்து விழுவதுதான் அதிகம். 150 கிலோ வண்டி கணுக்காலின் மேல் உட்காரும். மோட்டோகிராஸ் பூட்ஸ் முழங்கால் வரை வரும். கணுக்கால் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும். சுரங்கத்து பூட்ஸ் இரவல் வாங்கிப் போடலாமா என்று கேட்டான். கூடாது. அது விரல் மேல் சாமான் விழாமல் காக்கிற பூட்ஸ், கணுக்காலைக் காக்காது.

மூன்றாவது, முழங்கால் கவசம், முழங்கை கவசம், மார்பு - முதுகுக் கவசம், க்ளவுஸ். கவசத்தில் 'சி.இ.' முத்திரையும், 'லெவல் 1' அல்லது 'லெவல் 2' என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐரோப்பியச் சோதனையில் 5 கிலோ எடையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுகிற அளவுக்கு அடி கொடுக்கிறார்கள். கை கால் கவசம் லெவல் 1 என்றால், உள்ளே போகிற விசை சராசரியாக 35 கிலோநியூட்டனுக்குள் இருக்க வேண்டும். லெவல் 2 என்றால் 20-க்குள். முதுகுக்கு இன்னும் கண்டிப்பு: 18, 9. முத்திரை இல்லாத கவசம் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள நன்றாக இருக்கும், அவ்வளவுதான். நெய்வேலி வெயிலுக்கு வலைத்துணியில் தைத்த கவசமே நல்லது. வேர்க்கிறதே என்று கழற்றி வைத்த கவசம், வீட்டில் ஆணியில் தொங்குகிற கவசம்தான்.

டீ ஆறிப்போயிருந்தது. பையன் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, "மாமா, போனஸ் இதுலயே காலி. வண்டிக்கு?" என்றான்.

வண்டிக்கு, மந்தாரக்குப்பத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். அரைப்படி செம்மண் கொட்டியது.

"தம்பி, இவன் மூச்சே விட முடியாம கெடக்கான். நீ சைலன்ஸர் மாத்தி எதை வெளிய வுடப் போற?"

ஃபில்டர், செயின், பிரேக் பேட், சக்கரக் கம்பிகளின் இறுக்கம், இவற்றைச் சரி செய்தாலே பாதி 'அப்கிரேடு' முடிந்தது. அடுத்தது காசு செலவில்லாதது. ஹாண்டில்பாரையும் லீவர்களையும் நின்றுகொண்டு ஓட்டத் தோதாகத் திருப்பி வைப்பது. பிறகு பின் ஸ்ப்ரிங். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, அச்சிலிருந்து சீட்டுக்கு அடியில் ஓர் இடம் வரை அளக்க வேண்டும். கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு ஆள் உட்கார்ந்ததும் மறுபடி அளக்க வேண்டும். மொத்த அசைவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தால் சரி. நம் வண்டிக்கு 50 - 55 மில்லிமீட்டர். அதிகம் இறங்கினால் ஸ்ப்ரிங்கை இறுக்க வேண்டும், குறைந்தால் தளர்த்த வேண்டும். எட்டணா செலவில்லை. டெய்லரின் டேப் ஒன்று போதும்.

அதற்கப்புறம் காசு வந்தால், முதலில் டயர். கட்டை கட்டையாகப் பல் உள்ள டயர் செம்மண்ணைக் கடித்துப் பிடிக்கும், ஆனால் மழை நாளில் தார் ரோட்டில் வழுக்கும் என்பதும் ஞாபகம் இருக்க வேண்டும். அடுத்து லீவர் ஒடியாமலிருக்கக் கைக்காப்பு, இன்ஜின் அடியில் கல் இடிக்காமலிருக்க உலோகத் தட்டு. ஸஸ்பென்ஷன் மாற்றுவது அதற்கும் பிறகு, பழைய ஸ்ப்ரிங் போதவில்லை என்று முதுகெலும்பே சொன்ன பிறகு. சைலன்ஸர்? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ரிஜிஸ்டரான வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. நம்பர் பிளேட் உள்ள வண்டியில் அந்த ஆசையை விட்டுவிடலாம்.

"எல்லாம் சரி மாமா... எங்க ஓட்டுறது?" பையனின் கண் மறுபடி அந்தச் செம்மண் மலை மேல் போனது.

அங்கே மட்டும் கூடாது. அது சுரங்க நிலம், மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் காவலில் இருப்பது. காவல் இல்லாவிட்டாலும் ஏறக் கூடாது. கொட்டி வைத்த மண் இறுகிய தரை அல்ல, மழை அறுத்த பள்ளம் எங்கே இருக்கிறதென்று மேலே போன பிறகுதான் தெரியும். முந்திரித் தோப்பை ஒட்டி யாருடைய தரிசாவது இருந்தால், சொந்தக்காரரிடம் கேட்டு, இரண்டு காலி பெயிண்ட் டப்பாவை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். நின்றுகொண்டு, முதல் கியரில், ஒரு மாசம். தனியாகப் போகவே கூடாது. விழுந்தால் வண்டியைத் தூக்கவாவது ஒரு ஆள் வேண்டும். அதன் பிறகு கோலார் பக்கம் சந்தோஷ் ஆரம்பித்த பயிற்சித் தளத்துக்கு ஒருமுறை போய்க் கற்றுக்கொண்டால், சைலன்ஸருக்குக் கொடுக்கிற காசைவிட அதிகம் வேகம் கிடைக்கும். 2024 டக்காரில் 'ராலி 2' பிரிவில் ஜெயித்தாரே கேரளத்து ஹரித் நோவா, அவரும் தாவிக் குதித்து அங்கே போய்ச் சேரவில்லை. வருஷக் கணக்கில் பயிற்சி.

பையன் கடைசியாக ஒன்று கேட்டான். "இவ்வளவையும் செஞ்சுட்டு ஓட்டுறதுக்குள்ள ஆசையே போயிடாதா மாமா?"

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காமல் மேலே தோண்டினால், சுரங்கத்தின் தரையே பிளந்து வெள்ளம் பொங்கிவிடும். அதனால் ராத்திரி பகலாக பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது. இறைத்த தண்ணீருக்கு யாரும் கை தட்டுவதில்லை. ஆனால் 1961-ல் முதல் கரி கண்ணில் பட்டதே அந்த பம்புகளின் தயவில்தான். ஊரே அப்படிக் காத்திருந்து எடுத்தது கரியை. ஒரு போனஸ் காலம் காத்திருக்க நம்மால் முடியாதா?

மறுநாள் பையன் பூட்ஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டான். ஸ்டிக்கர் மட்டும் ஒன்று வாங்கிக்கொண்டான். போகட்டும், அதனால் யார் எலும்பும் உடையாது!