பொன்மான் கப்பலும் பாட்டியின் பெயரும்

என் மகளுக்கு என் மாமியாரின் பெயர். ‘நாக’ என்று ஆரம்பிக்கும் பழங்காலப் பெயர். பள்ளிக்கூடத்தில் “பாம்பு, பாம்பு” என்று கேலி செய்கிறார்களாம். “பிளஸ் டூ பரீட்சைக்குப் பெயர் கொடுப்பதற்குள் கெஜட்டில் போட்டு மாற்றிவிடு அம்மா” என்று ஒரு வருஷமாக நச்சரிப்பு. அந்த மனத்தாங்கலோடுதான் கோடை விடுமுறைக்கு லண்டனில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போனோம்.

ஒரு நாள் எங்களை லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலுள்ள ஸதர்க் பகுதிக்கு அழைத்துப் போனாள். அங்கே தேம்ஸ் நதிக்கரையில், பெரிய கட்டடங்களுக்கு நடுவே, மூன்று பாய்மரங்களோடு ஒரு மரக் கப்பல் நிற்கிறது. பெயர் ‘கோல்டன் ஹைண்ட்’.

“ஹைண்ட் என்றால் பெண்மான், அண்ணி.”

“பொன்மானா! சீதையைப் படுத்தினது போதாதா?” என்றேன். எல்லோருக்கும் சிரிப்பு.

இது 1973-ல் பழைய மாதிரியிலேயே கட்டியது. அசல் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்தவர் பிரான்சிஸ் டிரேக். அவர் 1577-ல் ஐந்து கப்பல்களோடு புறப்பட்டபோது இவர் கப்பலுக்குப் ‘பெலிகன்’, அதாவது கூழைக்கடா என்றுதான் பெயர். 1578-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியை நெருங்கும்போது ‘பொன்மான்’ என்று மாற்றினார். பயணத்துக்குக் கைகொடுத்த கிறிஸ்டோபர் ஹாட்டன் என்ற பிரபுவின் குலச் சின்னம் பொன்மான். அந்த நன்றிக்காக! ஐந்தில் இந்த ஒரு கப்பல்தான் உலகைச் சுற்றி 1580-ல் ஊர் திரும்பியது. அடுத்த வருஷம் எலிசபெத் ராணி கப்பலுக்கே வந்து அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார்.

டிரேக் என்றால் இங்கிலீஷில் ஆண் வாத்து என்றும் அர்த்தம் உண்டு. அவரிடம் கப்பல்களையும் வெள்ளியையும் பறிகொடுத்த ஸ்பெயின்காரர்களோ, அதே பெயரை டிராகனாக்கித் திட்டினார்கள். பெயர் ஒன்றுதான். சொல்கிற வாயைப் பொறுத்து வாத்து, டிராகன்!

உள்ளே பீரங்கித் தட்டில் நிமிர்ந்து நிற்க முடியாது. கூன் போட்டுக்கொண்டே சுற்றிப் பார்த்தோம். முதுகு வலிக்காரர்கள் ஜாக்கிரதை.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பரோ ஹை ஸ்ட்ரீட். அதில் ‘ஒயிட் ஹார்ட் யார்டு’ என்று ஒரு சந்து. ஹார்ட் என்றால் ஆண்மான். 1450-லேயே ‘வெள்ளை மான்’ என்ற சத்திரம் இங்கே இருந்தது. 1889-ல் இடித்துவிட்டார்கள், சந்துக்குப் பெயர் மட்டும் மிச்சம். வெள்ளை மான் இரண்டாம் ரிச்சர்டு ராஜாவின் சின்னம். அவர் காலத்தில், 1393-ல், மதுக்கடைகள் அடையாளப் பலகை தொங்கவிட வேண்டும் என்று சட்டமே வந்ததாம். எழுத்துத் தெரியாத ஜனங்கள் படத்தைப் பார்த்தே இடம் கண்டுபிடிப்பார்கள். இன்றைக்கும் அந்த நாட்டில் ‘சிவப்புச் சிங்கம்’ என்ற பெயரில் எத்தனையோ கடைகள்.

“பார்த்தியா, மிருகத்தின் பெயர் என்றால் கேவலமில்லை” என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

மகள் விடுவாளா? “டிரேக்கே பாதி வழியில் பெயரை மாத்தினாரே அம்மா!”

ஒரு நிமிஷம் எனக்குப் பதில் வரவில்லை. பிறகு சொன்னேன்: “அவர் மாற்றினது நன்றிக்காக. நாங்கள் உனக்கு வைத்ததும் நன்றிக்காகத்தான். நீ வயிற்றில் இருந்தபோது எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறி மூன்று மாதம் படுத்த படுக்கை. உப்பில்லாக் கஞ்சி வைத்து ஊட்டி, ராத்திரியெல்லாம் காலைப் பிடித்துவிட்டது உன் பாட்டி. அந்தப் பெயர் பாம்புக்காக வைத்ததில்லை, அவருக்காக வைத்தது.”

அவள் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டியின் பழைய கதைகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தவள், “பேரை முழுசாவே எழுதிக் கொடுத்துட்டேன்” என்றாள்.

“கேலி பண்ணினால்?”

“கோகிலான்னா குயில், அஞ்சுகம்னா கிளி, ஹம்சான்னா அன்னம். கிளாஸ் பூரா பறவைக் கூட்டம்தான்னு சொல்லிட்டேன்!”

கூடத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் மாமியாருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. தெரிய வேண்டாம் என்று நானும் விட்டுவிட்டேன்.